கொத்தரிசியும் கலாநிதி என்.எம். பெரேராவும்

வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கூப்பன் அரிசி என்று சொல்லிப் பாருங்கள். சங்கக்கடை வரிசையும் கூப்பன் புத்தகமுமாகக் கதை நீளும். உப்பும் மீனும் தேங்காயும் தரும் நமது புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்தில் சோற்றுக்கு அந்த அரிசியையே நம்பியிருந்த குடும்பங்கள் பல. அந்தக் கொத்தரிசிக்காக ஓர் அரசாங்கத்தை எதிர்த்து நின்றவரும், பின்பு அதே அரிசி குறைக்கப்பட்டபோது நிதியமைச்சராக இருந்தவரும் ஒரே மனிதர்தான். அவர் கலாநிதி என்.எம். பெரேரா.

1905 ஜூன் 6ஆம் திகதி பிறந்த அவர், லண்டனில் பேராசிரியர் ஹரல்ட் லஸ்கியிடம் கற்று இரண்டு கலாநிதிப் பட்டங்களுடன் நாடு திரும்பினார். 1934-35இல் மலேரியா பரவிப் பல்லாயிரக்கணக்கானோர் மடிந்த வேளை, கேகாலைக் கிராமங்களில் மருந்துடன் பருப்பும் விநியோகித்தார். கிராமத்தவர்கள் அவரைப் பருப்பு மாத்தயா என்றே அழைத்தார்களாம். பட்டங்களைவிட இந்தப் பெயர் அவருக்கு அழகாகவே பொருந்துகிறது. நோயுடன் பசியும் அம்மக்களை வாட்டியதை அங்கு கண்ட அவர், ஏழையின் உணவு அரசின் பொறுப்பு என்ற கருத்தில் உறுதியானார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். மறு ஆண்டே ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார்.

1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன, 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசியின் விலையை 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. கொரிய யுத்தகால ஏற்றுமதி வருமானம் வீழ்ந்து திறைசேரி வற்றியிருந்தது உண்மையே. ஆனால் அந்தப் பள்ளத்தை ஏழையின் சோற்றுக் கோப்பையிலிருந்து நிரப்பக்கூடாது, செல்வந்தரிடம் வரியாகப் பெறவேண்டும் என்பது என்.எம்.மின் நிலைப்பாடு. ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடே ஸ்தம்பித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக, விலையும் பின்னர் குறைந்தது.

1970இல் கூட்டரசாங்கத்தின் நிதியமைச்சரானார் என்.எம். வாராந்தம் இலவசமாகக் கிடைத்த ஒரு கொத்துடன் இரண்டாவது கொத்தை 75 சதத்துக்கு வழங்கினார். செல்வந்தர் மீது மூலதன வரியும் கட்டாய சேமிப்பும் விதித்தார். அப்படியும் பணம் போதவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டது. கால் ரூபாய்தானே என்று இன்று தோன்றும். ஆனால் அதனாலேயே ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகை குறைந்தது. 1973இல் உலகச் சந்தையில் தானிய விலை பன்மடங்காக, இலவச அரிசி இரண்டு இறாத்தலிலிருந்து ஒன்றாயிற்று.

1953இல் ஜே.ஆர். காட்டிய கணக்கும் இதுதானே என்று கேட்போருக்குப் பதில் சொல்வது சுலபமல்ல. முதலில் வசதியுள்ளோரிடம் கைவைத்த பின்னரே என்.எம். ஏழையிடம் வந்தார் என்பது என் எண்ணம். அந்த வேறுபாடு, சங்கக்கடையில் பாதிப் பையுடன் திரும்பிய தாய்க்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது.

1975இல் அவரது கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 தேர்தலில் அவரும் தோற்றார். 1979 ஆகஸ்ட் 14ஆம் திகதி காலமானார். மறுமாதம் கூப்பன் அரிசி முடிவுக்கு வந்து, வறிய குடும்பங்களுக்கு மட்டும் உணவு முத்திரை வழங்கும் முறை தொடங்கியது.