நூரன்பர்க்கில் கிடைத்த ஒரு ஸ்தானம்

கட்சியின் தலைமைக் கமிட்டியில் பெண்களுக்கென ஒரு ஸ்தானம் ஒதுக்குவது நியாயமா? அல்லது அது பெண்களை ஓரமாக உட்காரவைக்கும் தந்திரமா? இது நேற்றுப் பிறந்த வாதம் என்று எண்ணுவோர் உண்டு. ஜெர்மன் சோஷல் டெமாக்ரடிக் கட்சியில் நூறாண்டுகளுக்கும் முன்பே இதைப் பற்றிக் காரசாரமாக விவாதித்திருக்கிறார்கள். அந்த ஸ்தானத்தில் முதன்முதல் அமர்ந்தவர் லூயிஸே ஸீட்ஸ் அம்மையார். கிளாரா ஜெட்கினை அறிந்த அளவுக்கு நம் வாசகர்கள் இவரை அறிந்திருக்க மாட்டார்கள். தம் காலத்தில் பெண் பேபெல் என்று ஜெர்மனி முழுவதும் பெயரெடுத்தவர் அவர்.

1865 மார்ச் 25-ல் வடக்கு ஜெர்மனியில் ஹோல்ஸ்டீன் பகுதியைச் சேர்ந்த பார்க்டெஹைடே என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் கம்பளி நெய்பவர். அந்த வீட்டில் குழந்தைகளும் கம்பளி ஆய்ந்து நூல் நூற்றால்தான் அடுப்பு எரியும். விளையாட வேண்டிய வயதில் வேலை செய்த அந்த நாட்களை அவர் மறக்கவேயில்லை. குழந்தை உழைப்பை எதிர்த்துப் பிற்காலத்தில் அவர் பிரசுரம் எழுதியது ஏட்டைப் படித்து வந்த ஞானத்தால் அல்ல. பிறர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். பிறகு ஹாம்பர்க் நகரில் பிரபெல் முறையில் மழலைப் பள்ளி ஆசிரியையாகப் பயிற்சி பெற்றார். துறைமுகத் தொழிலாளி கார்ல் ஸீட்ஸை மணந்தார். 1892-ல் கட்சியில் சேர்ந்தார்.

ஹாம்பர்க்கில் இருந்ததால்தான் அப்படிச் சேர முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரஷ்ய ராஜ்யத்தில் 1850-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. பெண்கள், பள்ளி மாணவர், தொழில் பழகும் பையன்கள், இம்மூவரும் அரசியல் சங்கங்களில் சேரவோ அவற்றின் கூட்டங்களுக்குப் போகவோ கூடாது! 1902-ல் சர்க்கார் மனமிரங்கியது. கூட்டத்துக்குப் பெண்கள் வரலாம். தனியாகப் பிரித்த பகுதியில் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. இந்தக் கருணைக்கு என்ன பெயர் சூட்டுவதென்று நமக்குத் தெரியவில்லை. ஹாம்பர்க் முதலிய சில ராஜ்யங்களில் கெடுபிடி இவ்வளவு இல்லை.

சட்டம் ஒரு பக்கம் என்றால் பெண் தொண்டர்களின் சாமர்த்தியம் மறு பக்கம். சங்கம் வைத்தால்தானே தடை? தனி ஒருத்தி சங்கமாகி விடுவாளா? ஊருக்கு ஒரு நம்பிக்கைப் பிரதிநிதியைப் பெண்கள் தங்கள் கூட்டத்தில் தேர்ந்தெடுத்தார்கள். பிரசுரம் விநியோகிப்பது, பணம் வசூலிப்பது, பேச்சாளரை அழைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. எல்லாருக்கும் தலைமையாக மத்தியப் பிரதிநிதி ஒருவர். 1900 முதல் 1908 வரை அப்பொறுப்பை வகித்தவர் தையல் தொழிலாளி ஒட்டிலி பாடர். அதே 1900-ல் தொடங்கி இரண்டாண்டுக்கு ஒரு முறை பெண்கள் தங்கள் மாநாட்டையும் கூட்டினார்கள். போலீசுக்குப் பயந்து தேடிய வழி, பெண்களின் சொந்தப் பள்ளிக்கூடமாகி விட்டது.

கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் விஷயத்தில் இதைவிட ஒரு ருசியான சம்பவம். 1890-ல் ஹாலே மாநாடு, பெண்கள் தனிக் கூட்டம் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க உரிமை வழங்கியது. சமத்துவம் என்று பேசிவிட்டுச் சலுகை கேட்பதா என்று பெண் தோழர்களுக்கே மனம் உறுத்தியது. 1892-ல் அந்த உரிமை நீக்கப்பட்டது. விளைவு? ஆண்கள் நிரம்பிய கூட்டங்களில் பெண்கள் தேர்ந்தெடுக்கப்படுவது அரிதாயிற்று. 1894-ல் பழைய உரிமையை மீண்டும் கொண்டுவர வேண்டியதாயிற்று. தனி ஸ்தானத்தை இழிவென்று கருதும் நண்பர்கள் இந்த இரண்டாண்டுக் கதையைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும்.

1896 நவம்பரில் ஹாம்பர்க் துறைமுகத்தில் மாபெரும் வேலை நிறுத்தம் மூண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பதினோரு வாரம் பட்டினியைத் தாங்கின. வேலை நிறுத்தம் தோற்றது. ஆனால் தொழிலாளரின் மனைவிமாரைத் திரட்டிய லூயிஸேயின் பெயர் ஊரறிந்த பெயராயிற்று. அதன்பின் அவர் கால் படாத ஜில்லா இல்லை என்னுமளவுக்குச் சுற்றினார். பண்ணைக் கூலியாட்களையும் அவர் மறக்கவில்லை. அவர்களுக்காகவும் பிரசுரம் எழுதினார்.

1908 மே மாதம் புதிய சங்கச் சட்டம் அமுலுக்கு வந்து பழைய தடை ஒழிந்தது. அவ்வாண்டு நூரன்பர்க்கில் கூடிய மாநாடு, தலைமைக் கமிட்டியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என விதி செய்தது. லூயிஸே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜெர்மனியில் ஒரு கட்சியின் தலைமைக்கு ஒரு பெண் வந்தது அதுவே முதல் தடவை. ஜெட்கின் அம்மையார் இருக்க, இவரை ஏன் தேர்ந்தார்கள்? ஜெட்கினின் கூரிய பேனாவைக் கண்டு தலைமையில் பலர் சங்கடப்பட்டதும், லூயிஸே ஸ்தாபன வேலையில் தேர்ந்தவராயிருந்ததும் காரணங்கள் என்றே நாம் கருதுகிறோம்.

ஸ்தானம் கிடைத்தது, அதற்கு விலையும் இருந்தது. நம்பிக்கைப் பிரதிநிதி முறை கலைக்கப்பட்டது. இரண்டாண்டுக்கு ஒரு முறை கூடிய பெண்கள் மாநாட்டின் ஒழுங்கு குலைந்தது. பல பேர் பல ஊர்களில் செய்த தீர்மானம் இனி ஒருவர் மேசையில் வந்து நின்றது. ஆனால் கணக்கின் மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: 1908-ல் சுமார் 29,000 ஆக இருந்த பெண் அங்கத்தினர் 1914-ல் 1,74,000-க்கு மேல் உயர்ந்தனர். 1910-ல் கோபன்ஹேகனில் சோஷலிஸ்ட் பெண்கள் மாநாடு மகளிர் தினத் தீர்மானம் செய்தபோதும் ஜெட்கினோடு நின்று பாடுபட்டவர் லூயிஸே.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு நாம் உடன்பட இயலாது. 1913-ல் பெர்லினில் இரண்டு சோஷலிஸ்ட் டாக்டர்கள் கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பிரசாரம் செய்தார்கள். அரங்கு கொள்ளாத கூட்டம். தொழிலாளிப் பெண்கள் டாக்டர்களுக்குக் கைதட்டினார்கள். ஜெட்கின், ரோசா லக்சம்பர்க், லூயிஸே மூவரும் இது வர்க்கப் போராட்டத்தின் வழியல்ல என்று எதிர்த்தார்கள். வர்க்கத்தின் எண்ணிக்கையே அதன் பலம் என்பது அவர்கள் வாதம். ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று நலிந்தவளுக்கு அந்த எண்ணிக்கை என்ன ஆறுதல் தரும்? பெண்களின் பிரதிநிதி அன்று பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஆனால் யுத்தம் வந்தபோது அவர் காட்டிய உறுதி வேறு ரகம். 1914 ஆகஸ்ட் 4-ல் கட்சி அங்கத்தினர்கள் யுத்தக் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நாளடைவில் லூயிஸே கமிட்டிக்குள்ளேயே எதிர்த்தரப்பில் நின்றார். 1917-ல் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார்கள். பெண்களால் வந்த ஸ்தானம். பறித்தபோது பெண்களைக் கேட்டவர் யார்? அவ்விடத்துக்கு மரீ யூகாச் நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் கோத்தா நகரில் சுயேச்சை சோஷல் டெமாக்ரடிக் கட்சி பிறந்தது. அதன் தலைமைக் கமிட்டியில் லூயிஸேயும் ஒருவரானார்.

1918 நவம்பர் புரட்சி பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1919 ஜனவரித் தேர்தலில் தேசிய சபைக்கு 37 பெண்கள் தேர்வாயினர். லூயிஸே அவர்களில் ஒருவர். 1920-ல் ரீஷ்டாக் அங்கத்தினரானார். அவ்வாண்டே அவரது கட்சி பிளந்து, பெரும் பகுதி கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தது. லூயிஸே போகவில்லை, எஞ்சியவர்களோடு நின்றார்.

1922 ஜனவரியில் ரீஷ்டாக்கில் இருக்கும்போதே மயங்கி விழுந்தார். 27-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 56. பெர்லினில் பிரெடரிக்ஸ்பெல்டே இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், எஞ்சியிருந்த அவரது கட்சியும் பழைய கட்சியோடு மீண்டும் இணைந்தது. அங்கே அவர் உட்கார்ந்திருந்த ஸ்தானத்தில் மரீ யூகாச் 1933 வரை இருந்தார்.