ஹாயில் நகரில் சில நாட்கள்: ஆன் பிளண்ட் சீமாட்டி

ஆங்கில இலக்கியம் படிப்போர் கவிஞர் பைரனை அறிவர். கணினியின் வரலாற்றைப் படிப்போர் அவருடைய மகள் ஏடா லவ்லேசையும் அறிவர். அந்த ஏடாவின் மகள்தான் ஆன் பிளண்ட் சீமாட்டி. 1837 செப்டெம்பர் 22 ஆம் திகதி பிறந்த இவர், 15 வயதில் தாயை இழந்தார். செல்வக் குடும்பத்துப் பிள்ளையாதலால் கல்விக்குக் குறைவிருக்கவில்லை. யோவாக்கிமிடம் வயலினும் ரஸ்கினிடம் ஓவியமும் பயின்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றைச் சரளமாகப் பேசினார்.

1869 இல் கவிஞரும் முன்னாள் இராஜதந்திரியுமான வில்பிரட் பிளண்டை மணந்தார். பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. 1873 இல் பிறந்த ஜூடித் என்ற மகள் மட்டுமே தப்பினாள். ஆண் வாரிசு இல்லையே என்ற ஏக்கம் கணவருக்கு இருந்தது. அவருடைய மனமும் ஓரிடத்தில் நிலைப்பதாக இல்லை. ஆன் இவற்றையெல்லாம் மௌனமாகத் தாங்கினார். ஆனால் பிரயாணம் என்று புறப்பட்டுவிட்டால் இருவரும் நல்ல தோழர்களாகிவிடுவர். அல்ஜீரியா, எகிப்து, யூப்ரடீஸ் நதிக்கரை என்று அவர்கள் சென்ற ஒவ்வொரு பயணத்தின்போதும் ஆனின் அறபு மொழி அறிவும் வளர்ந்துகொண்டே வந்தது.

1878 டிசம்பரில் தம்பதியினர் டமஸ்கஸிலிருந்து நஜ்துப் பிரதேசத்தை நோக்கிப் புறப்பட்டனர். வேறு சில ஐரோப்பியர் செய்ததுபோல் மாறுவேடம் பூண்டு தம்மை மறைக்க அவர்கள் விரும்பவில்லை. ஆங்கிலேயர் என்பதைச் சொல்லிக்கொண்டே சென்றனர். வழியில் வாதி சிர்ஹானில் ஈட்டி ஏந்திய குதிரை வீரர்கள் திடீரெனப் பாய்ந்தனர். முழங்கால் சுளுக்கியிருந்த ஆனால் உடனே குதிரையில் ஏற முடியவில்லை. வில்பிரட்டின் தலையில் துப்பாக்கிக் கட்டையால் அடி விழுந்தது. அவ்வேளையில் ஆன், அடைக்கலம் கேட்கும் அறபு வழக்குச் சொல்லை உரத்துக் கூறினார். தாக்குதல் நின்றது. வந்தவர்கள் றுவலாக் கோத்திரத்தார் என்பதும், அவர்களுடைய தலைவர் தமக்கு நண்பர் என்பதும் பின்னர் தெரியவந்தன. பறித்த பொருட்கள் திரும்பக் கிடைத்தன. செம்மணல் குன்றுகள் நிறைந்த நுபூத் பாலையைக் கடந்து, 1879 ஜனவரி 24 ஆம் திகதியளவில் அவர்கள் ஹாயில் நகரை அடைந்தனர்.

ஹாயிலை அப்போது ஆண்டவர் அமீர் முஹம்மத் இப்னு ரஷீத். தன் அண்ணன் மக்களைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றியவர். ஆயினும் நாட்டில் பாதுகாப்பையும் ஒழுங்கையும் நிலைநாட்டியிருந்தார். விருந்தினரை முதலில் அன்புடன் வரவேற்ற அமீரின் முகம் சில நாட்களில் மாறியது. அவர்களுடன் வந்த பல்மைரா ஊர்வாசி ஒருவர் தம்மையே பெரிய தலைவராகவும், ஆங்கிலத் தம்பதியினரைத் தமக்குக் கீழ்ப்பட்டவர்களாகவும் ஊரில் பேசித் திரிந்ததே காரணம். கொலைக்கு அஞ்சாத ஓர் அரசனின் மாளிகையில், தாய்நாட்டிலிருந்து எவரும் உதவிக்கு வரமுடியாத தூரத்தில், அந்த முகமாற்றம் சிறிய விடயமன்று. உண்மை நிலை அமீருக்கு விளக்கப்பட்டபின் பழைய நட்பு திரும்பியது.

ஹாயிலில் நாட்கள் அவசரமின்றிக் கழிந்தன. அமீர் தமது தோட்டத்தைக் காட்டினார். மான்களும் வரையாடுகளும் காட்டுப் பசுக்கள் எனப்பட்ட வெண்ணிற ஓரிக்ஸ்களும் அங்கே உலவின. மாளிகையின் சமையலறையில் ஏழு பெரிய கொப்பரைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று ஒட்டகங்களை வேகவைக்கலாம். நாள்தோறும் ஏறக்குறைய 200 விருந்தினர் அங்கே உணவருந்தினர். ஒரு நாள் அமீர் விளையாட்டுப் பொருள் ஒன்றை வரவழைத்தார். அது ஒரு தொலைபேசி! பாலைவனத்தின் நடுவே அதைக் கண்ட தம்பதியினரின் வியப்பைச் சொல்லவும் வேண்டுமா? அவர்கள் நாடி வந்த குதிரைகள் கொட்டிலில் நின்றபோது சாதாரணமாகவே தோன்றின. ஆட்கள் ஏறி வெளியே ஓட்டியதும் அவை வேறு பிறவிகளாக மாறியதை ஆன் கூர்ந்து கவனித்தார்.

வில்பிரட்டுக்குத் திறக்காத ஒரு வாசல் ஆனுக்குத் திறந்தது. அமீரின் மாளிகைப் பெண்கள் வாழும் பகுதி அது. ஆன் அங்கே சென்று மூத்த மனைவி அமூஷாவுடனும் ஏனையோருடனும் அமர்ந்து உரையாடினார். அவர்களுடைய ஆடைகள், ஆபரணங்கள், அன்றாட வாழ்க்கை யாவற்றையும் விசாரித்தார். செய்வதற்கு வேலையில்லாத அந்த நாட்கள் அவருக்குச் சலிப்பாகத் தோன்றின. ஆனால் அப்பெண்கள் அதைக் குறையாக எண்ணவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். அதற்கு முன் ஹாயிலுக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் ஆண்கள். இந்த வாசலுக்கு அப்பால் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஆணவை, பெண்ணவை இரண்டிலும் அமர்ந்து, இரண்டின் பேச்சையும் நேரடியாக அறபில் கேட்டவர் ஆன்.

பெப்ரவரித் தொடக்கத்தில், ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பாரசீக யாத்திரிகர் கூட்டத்துடன் தம்பதியினர் நஜபை நோக்கிப் புறப்பட்டனர். ஆனின் நாட்குறிப்புகளிலிருந்து உருவான நூல், அவரே வரைந்த சித்திரங்களுடன் 1881 இல் இலண்டனில் வெளிவந்தது.

நம் நாட்டுக்கும் இவர்கள் வந்துள்ளனர். எகிப்தின் ஒறாபி பாஷா வழக்கில் நிறுத்தப்பட்டபோது அவருக்காக வழக்கறிஞர்களை அமர்த்தியவர் வில்பிரட். பாஷா இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட பின், 1883 இல் இந்தியாவுக்குச் செல்லும் வழியில் தம்பதியினர் கொழும்பில் இறங்கி அவரைச் சந்தித்தனர்.

காலம் செல்லச் செல்லக் கணவரின் போக்கு பொறுக்க முடியாததாயிற்று. 1906 இல் ஆன் அவரைப் பிரிந்தார். தோல்வியுற்றவராக முடங்கிவிடாமல், கெய்ரோவுக்கு அருகே அவர்கள் வாங்கியிருந்த ஷேக் உபைத் தோட்டத்தைத் தமது இல்லமாக்கிக்கொண்டார். அங்கே அறபுக் குதிரைகளை வளர்த்தார். அயலவருடன் அவர்களுடைய மொழியிலேயே பழகினார். குதிரைகளைப் பற்றிய பழைய அறபு நூல்களை ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் காணப்படும் அறபுக் குதிரைகளில் மிகப் பல, இத்தம்பதியினர் சேர்த்த குதிரைகளின் வழி வந்தவை. 1917 டிசம்பரில், 80 ஆவது வயதில், கெய்ரோவிலேயே அவர் காலமானார்.

ஹாயிலில் ஓய்வாகக் கழிந்த அந்த நாட்களில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தனர். பிற்காலத்தில் அந்தத் துணை ஆனுக்கு இல்லாமற்போயிற்று. ஆனால் ஒட்டகப் பாதையிலும் கூடார நிழலிலும் சொல் சொல்லாகச் சேர்த்த மொழி அவரைக் கைவிடவில்லை. பாலைவனத்தில் உயிரைக் காத்த அதே மொழி, தனிமையில் அவருக்கு அயலவரையும் நல்ல வேலையையும் தந்தது. ஒரு பெண் தானே முயன்று கற்றது எவராலும் பறிக்க முடியாத சீதனம் என்பதை ஆன் பிளண்டின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.