பித்தளை, அலுமினியம், கொஞ்சம் ரப்பர்: லைக்கா கேமரா தந்த ஆஸ்கர் பார்னாக்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



ஒரு கேமராவின் விலை பல லட்சம் ரூபாய் என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் செய்யப்படும் லைக்கா எம் வரிசை கேமராக்களின் விலை இன்று அப்படித்தான் இருக்கிறது. லென்ஸ் தனி! அதற்கும் லட்சக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். இத்தனைக்கும் அதில் ஆட்டோஃபோகஸ் கூடக் கிடையாது, நாமேதான் வளையத்தைத் திருகிக் கொள்ள வேண்டும். ஆளாளுக்குச் செல்போனில் படம் எடுத்துத் தள்ளுகிற காலத்தில் கையால் கோர்த்த கேமராவுக்கு இவ்வளவு பணமா? நியாயமான விலைதானா, இல்லை சும்மா பெயருக்கு வாங்குகிற காசா?

இந்தக் கேள்விக்கு அந்தக் கேமராவை முதன்முதலில் செய்தவரின் வாழ்க்கையிலேயே பாதிக்கு மேல் பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர்தான் ஆஸ்கர் பார்னாக். அவர் விஞ்ஞானி இல்லை. பட்டம் வாங்கிய இன்ஜினியரும் இல்லை. நம்மைப் போல அரம் பிடித்து, லேத் ஓட்டிப் பழகிய ஒரு மெக்கானிக். அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

பார்னாக் 1879ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் லினோவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறகு குடும்பம் பெர்லினை ஒட்டிய லிஷ்டர்ஃபெல்டேவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வானியல் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் பையன் தொழில் பழகச் சேர்ந்தான். நட்சத்திரத்தைக் குறிபார்க்கிற கருவியில் ஒரு திருகு கொஞ்சம் ஆடினாலும் எல்லாம் வீண். ஆக, எடுத்த எடுப்பிலேயே துல்லியம் கைக்கு வந்துவிட்டது. பயிற்சி முடித்தவர்கள் ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பது அந்நாளைய ஜெர்மன் வழக்கம். இவரும் அப்படிச் சுற்றிவிட்டு 1902இல் யேனா நகரில் கார்ல் ஸைஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். உலகப் புகழ் பெற்ற லென்ஸ் கம்பெனி அது.

பார்னாக்குக்கு இரண்டு விஷயங்கள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று புகைப்படப் பைத்தியம். இன்னொன்று ஆஸ்துமா. அந்தக் காலத்துக் கேமரா என்றால் சும்மா இல்லை. 13க்கு 18 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டுகள், அதை மாட்டும் பெட்டி, மூன்று கால் ஸ்டாண்டு, எல்லாம் முதுகில்! துரிங்கியக் காட்டு மேடுகளில் இதைச் சுமந்து ஏறும்போது மூச்சு இரைத்துப் போகும். நெகடிவ் சின்னதாக இருந்து, பிறகு பெரிதாக்கிக் கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான். ஒரே தட்டில் பதினைந்து இருபது சின்னப் படங்களை எடுத்துப் பார்த்தார். பெரிதாக்கியபோது படம் மணல் மணலாகக் கலங்கியது. யோசனையை மூட்டை கட்டி வைத்தார், தூக்கி எறியவில்லை.

யேனாவில் உடன் வேலை பார்த்த எமில் மெஷாவ் என்ற நண்பர் வெட்ஸ்லாரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்துக்குப் போயிருந்தார். மைக்ரோஸ்கோப்புக்குப் பெயர் போன நிறுவனம். அவர் சிபாரிசில் 1911 ஜனவரியில் பார்னாக் அங்கே சோதனைப் பட்டறையின் தலைவரானார். அங்கே ஒரு சினிமா கேமராவும் செய்தார். அதனால் 35 மில்லிமீட்டர் சினிமா ஃபிலிம் கைக்கு வந்தது. கண்ணாடித் தட்டு இல்லை, சுருட்டி வைக்கலாம், படமும் பழைய மாதிரி கலங்காது!

சினிமா ஃபிரேமின் அளவு 18க்கு 24 மி.மீ. பார்னாக் அதை இரட்டிப்பாக்கி 24க்கு 36 மி.மீ. என்று வைத்தார். இன்று ஃபுல் ஃபிரேம் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அது இந்த மனிதர் வைத்த அளவுதான். 1914 தொடக்கத்தில் கோட்டுப் பையில் போடுகிற மாதிரி ஒரு குட்டிக் கேமரா தயாராகிவிட்டது. ஃபிலிமைச் சுற்றினால் ஷட்டரும் கூடவே தயாராகும். அதே வருடம் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் (இரண்டாமவர்) அமெரிக்கா போனபோது அதை எடுத்துப் போய் நியூயார்க்கில் படம் எடுத்தார். அதற்குள் முதல் உலகப் போர் வந்தது, எல்லாம் நின்றது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலையின் ரகசியமே இங்கேதான் இருக்கிறது. 13க்கு 18 தட்டின் பரப்பு 23,400 சதுர மி.மீ. பார்னாக்கின் ஃபிரேம் 864 சதுர மி.மீ. சுமார் 27ல் ஒரு பங்கு! நெகடிவைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் அதில் உள்ள பிழையும் பத்து மடங்கு பெரிதாகும். ஒரு புள்ளி ஃபிலிமில் 1/30 மி.மீ.க்கு மேல் பரவக்கூடாது என்று லைட்ஸில் கணக்கு வைத்திருந்தார்கள். லென்ஸ் எஃப் 3.5 என்றால், ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து முன்னே பின்னே நகர அனுமதி, 3.5ஐ 30ஆல் வகுத்தால் கிடைப்பது. சுமார் 0.12 மி.மீ. அவ்வளவுதான்! இந்த 0.12க்குள் லென்ஸின் பிழை, மரையின் பிழை, உடலின் பிழை, ஃபிலிமின் வளைவு எல்லாரும் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிற மாதிரி ஆளுக்கு இம்மி இம்மியாகத்தான் வரும். எஃப் 2 லென்ஸ் போட்டால் அனுமதி 0.07க்கும் கீழே போய்விடும். அபெர்ச்சர் பெரிதாகப் பெரிதாக லென்ஸ் விலை ஏன் தாறுமாறாக ஏறுகிறது என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது. வெர்னியரோடு ஒரு நாள் பழகியவனுக்குக் கூட அந்த அளவுக்குள் பத்து ஜாப் செய்வது எவ்வளவு பாடு என்று தெரியும்.

லென்ஸ் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் அதே கம்பெனியின் மாக்ஸ் பெரெக். முதலில் ஐந்து கண்ணாடிகள் கொண்ட லென்ஸ். கடைசி மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியவை. செய்வது பெரும்பாடு, செலவும் ஜாஸ்தி. கொஞ்ச நாளில் புது வகைக் கண்ணாடி கிடைத்ததும் பெரெக் அதை நான்காகக் குறைத்துவிட்டார். அதுதான் புகழ் பெற்ற எல்மார். விலை கூடினால்தான் தரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கஷ்டப்பட்டுச் செய்த பழைய லென்ஸ் போய், சுலபமாகச் செய்யக்கூடிய லென்ஸ் வந்தது. படம் கெட்டுப் போகவில்லை.

போர் முடிந்தும் நல்ல காலம் வரவில்லை. 1920இல் வெட்ஸ்லாரில் வெள்ளம் வந்தபோது பார்னாக் தன் குட்டிக் கேமராவில் ஊரைப் படம் பிடித்தார். 1923இல் ஜெர்மன் பணத்தின் மதிப்பே காற்றில் பறந்தது. அந்த நேரத்தில்தான் கையால் இருபதுக்கும் மேற்பட்ட சோதனைக் கேமராக்களைச் செய்து பலரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். வந்த பதில்கள் கலவையாக இருந்தன. ஃபிலிமைச் சுற்றும்போது லென்ஸை மூடி போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் பாய்ந்துவிடும்! இது பொம்மை என்று நினைத்தவர்களும் உண்டு. 1924 ஜூனில் கம்பெனியில் பெரிய விவாதம். மைக்ரோஸ்கோப் கம்பெனிக்குக் கேமரா எதற்கு, அதுவும் இந்தப் பஞ்ச காலத்தில் என்று எதிர்ப்பு. கடைசியில் லைட்ஸ் துணிந்து இறங்குவதாக முடிவைச் சொல்லி எழுந்துவிட்டார். தொழிலாளர்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. மூடி போடத் தேவையில்லாத புது ஷட்டரோடு 1925இல் லைப்சிக் வசந்தச் சந்தையில் லைக்கா வெளியே வந்தது. லைட்ஸ், கேமரா இரண்டின் முதல் எழுத்துகளையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

இனிமேல் வருவதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

1930இல் லென்ஸைக் கழற்றி மாற்றுகிற லைக்கா வந்தது. ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொரு கேமரா உடலுக்கும் அதற்கென்றே லென்ஸைப் பொருத்தி, ஷிம் வைத்து, சரிபார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. என் கேமராவின் லென்ஸ் உங்கள் கேமராவில் ஒத்துப் போகாது. எந்த லென்ஸ் எந்த உடலுக்கு என்று அடையாளம் தெரிய எண்ணையும் பொறித்தார்கள். புதிதாக ஒரு லென்ஸ் வேண்டுமென்றால் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். கைவேலை என்றால் இதுதான் அசல் கைவேலை! மெட்ராலஜி பாடத்தில் செலக்டிவ் அசெம்ப்ளி, இன்டர்சேஞ்சபிள் அசெம்ப்ளி என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதன் உயிர் இங்கே இருக்கிறது.

1931இல் அதை மாற்றிவிட்டார்கள். லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. என்று ஒரே அளவு. எல்லா உடலும் அந்த அளவுக்கு, எல்லா லென்ஸும் அந்த அளவுக்கு. அந்த மாதிரி உடல்களில் அடையாளமாக ஒரு சுழியம் பொறித்தார்கள். கைக்காரரின் பட்டறையே கைவேலையின் அவசியத்தைக் குறைத்தது! கை செய்த வேலையைக் கேஜ் செய்தது. என் அபிப்பிராயத்தில் பார்னாக் குழுவின் பெரிய சாதனை குட்டிக் கேமரா செய்ததை விட இதுதான். தன் தொழிலின் அருமையைத் தானே குறைத்துக் கொள்ள எத்தனை கைவினைஞருக்கு மனசு வரும்?

1932இல் ரேஞ்ச்ஃபைண்டர் இணைந்த லைக்கா இரண்டாம் மாடல் வந்தது. அந்தச் சமயத்தில் ஜப்பானில் பெரிய வங்கியில் சேரும் பட்டதாரிக்கு மாதச் சம்பளம் 70 யென். லைக்காவின் விலை 420 யென். ஆறு மாதச் சம்பளம்! டோக்கியோவில் கோரோ யோஷிதா என்பவர் ஒரு லைக்காவைப் பிரித்துப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். வைரம் வைடூரியம் எதுவும் இல்லை. பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர். இதைச் சேர்த்து வைத்ததற்கா இவ்வளவு விலை என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டதாம். எங்கள் வீட்டில் எதை வாங்கி வந்தாலும் இதில் அப்படி என்ன இருக்கிறது என்றுதான் அம்மாவும் கேட்பார்கள், அதனால் யோஷிதாவின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்தக் கோபத்தில் 1934இல் குவானான் என்ற மாதிரிக் கேமரா பிறந்தது, 1936இல் முதல் கேனான் விற்பனைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால் லென்ஸ் அவர்களால் செய்ய முடியவில்லை. பிற்காலத்தில் நிக்கான் என்று பெயர் மாறிய நிறுவனம்தான் செய்து கொடுத்தது. பித்தளை எல்லாருக்கும் கிடைக்கும், அந்த 0.12 மி.மீ. எல்லாருக்கும் கிடைக்காது.

பார்னாக் 1936 ஜனவரி 16ஆம் தேதி பாட் நவ்ஹைம் நகரில் காலமானார். வயது 56. கடைசி வரை லைட்ஸ் கம்பெனியின் ஊழியராகவே இருந்தார். அதே வருடம் அமெரிக்காவில் ஆர்கஸ் என்ற கேமரா வந்தது. பேக்கலைட் உடல், அதே 35 மி.மீ. ஃபிலிம், அதே 24க்கு 36 ஃபிரேம். விலை 12 டாலர் 50 சென்ட். லைக்கா அளவுக்கு நுட்பம் இல்லைதான். ஆனால் சாதாரணக் குடும்பங்கள் பார்னாக்கின் ஃபிரேமில் படம் எடுத்தது இந்த மாதிரிக் கேமராக்களால்தான்.

அப்படியானால் இன்று அந்த விலை நியாயமா? நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1930இல் நியாயம். அந்த அளவுத் துல்லியத்துக்கு அன்று வேறு வழி இல்லை. இன்று மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே ஃபோகஸைப் பார்த்துக் கொள்கிறது, ரேஞ்ச்ஃபைண்டரைக் கையால் இழைத்துச் சரிசெய்யும் வேலை அதற்குக் கிடையாது. கூர்மைக்காக மட்டும் லைக்கா வாங்குவது வீண் செலவு என்பேன். ஆனால் ஒன்றை மறுக்க முடியவில்லை. 1954இல் எம் வரிசை வந்தபோது அளவை 27.8 என்று வைத்தார்கள், பழையதை விடச் சரியாக 1 மி.மீ. குறைவு. ஒரு மெல்லிய வளையம் போட்டால் 1931க்குப் பிறகு வந்த மரை லென்ஸ்கள் இன்றைய லைக்கா எம்மிலும் உட்காரும், ஃபோகஸும் சரியாக நிற்கும். தொண்ணூறு வருடம்! தாத்தா வாங்கிய லென்ஸில் பேரன் படம் எடுக்கலாம். விலையை வருடத்தால் வகுத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. வகுக்கும் முன் மொத்தமாகக் கட்டக் கையில் காசு வேண்டுமே, அதுதான் பிரச்சினை.

2022 ஜூனில் வெட்ஸ்லாரில் ஒரு ஏலம் நடந்தது. கையால் செய்த அந்தச் சோதனைக் கேமராக்களில் 105ஆம் எண், பார்னாக் தானே வைத்துப் படம் எடுத்தது. வியூஃபைண்டர் மேல் அவர் பெயர் பொறித்திருக்கிறது. 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. உள்ளே இருப்பது அதே பித்தளை, அதே அலுமினியம். சுற்றும்போது லென்ஸை மூடி வைக்க வேண்டிய பழைய ஷட்டர்தான் அதிலும்.