வண்ணங்களின் ஒலியைக் கேட்டவர்

குறுக்காக நான்கு, கீழாக மூன்று என மொத்தம் பன்னிரண்டு சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வண்ண வளையங்கள். இந்த ஓவியத்தின் அச்சுப்படியை யாரேனும் ஒருவரது வீட்டு வரவேற்பறையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கலைக்கல்வி வகுப்பில் இதைப் போலவே வண்ணம் தீட்டியிருக்கவும் கூடும். இதில் மலரும் இல்லை, மலையும் இல்லை, மனிதரும் இல்லை. ஆயினும், பல நாட்டு மக்கள் இதனை விரும்பி வாங்கித் தங்கள் வீடுகளில் மாட்டுகின்றனர். இதனைத் தீட்டியவர் வாசிலி கண்டின்ஸ்கி. கண்ணால் காணும் பொருள்களை வரையாமல், வண்ணங்களையும் வடிவங்களையும் கோடுகளையும் மட்டுமே கொண்டு படைக்கப்படுவது அரூப ஓவியம் எனப்படும். அதன் முன்னோடிகளுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

கண்டின்ஸ்கி 1866ஆம் ஆண்டு ரஷ்யாவின் மாஸ்கோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் தேயிலை வணிகர். 1871ஆம் ஆண்டு குடும்பம் ஒடெசா என்னும் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. பெற்றோர் பிரிந்துவிட்டதால், தாயாரின் சகோதரி அவரை அன்புடன் வளர்த்தார். சிறு வயதிலேயே அவர் பியானோவும் செலோ என்னும் நரம்பிசைக் கருவியும் வாசிக்கக் கற்றார். இசையும் வண்ணமும் அவர் மனத்தில் இணைந்தே வளர்ந்தன.

இருப்பினும், அவர் உடனே ஓவியராகிவிடவில்லை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டமும் பொருளியலும் பயின்றார். 1889ஆம் ஆண்டு, கிராம மக்களின் வழக்கங்களை ஆராய்வதற்காக வோலோக்டா என்னும் பகுதிக்குச் சென்றார். அங்கிருந்த மரவீடுகளின் சுவர்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் பளிச்சென்ற வண்ணங்களால் அணிசெய்யப்பட்டிருந்தன. ஒரு வீட்டிற்குள் நுழைந்தபோது, ஓர் ஓவியத்திற்குள்ளேயே நடந்து செல்வது போன்ற உணர்வு அவருக்கு ஏற்பட்டது.

பிறகு மாஸ்கோவில் நடைபெற்ற ஒரு கண்காட்சியில், பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய வைக்கோற்போர் ஓவியத்தைக் கண்டார். அதில் இருப்பது வைக்கோற்போர் என்பதே முதலில் அவருக்குப் புலப்படவில்லை. பெயர்ப்பட்டியலைப் பார்த்த பிறகே தெரிந்துகொண்டார். இன்ன பொருள் என்று அறியும் முன்னரே அந்த ஓவியம் தம் மனத்தைப் பற்றிக்கொண்டது எப்படி என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது.

1896ஆம் ஆண்டில் அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. டோர்பாட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. உறுதியான வருமானமும் சமூக மதிப்பும் தரும் பதவி அது. அதனை ஏற்காமல், ஓவியம் கற்பதற்காக அவர் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் புறப்பட்டார். தம்மைவிட வயதில் இளையவர்களோடு அமர்ந்து, கோடு போடுவதிலிருந்து தொடங்கினார்.

மியூனிக்கில் ஒருநாள் மாலை மங்கும் நேரத்தில் அவர் தம் ஓவியக்கூடத்திற்குத் திரும்பினார். சுவரோரம் வியப்பூட்டும் ஓவியம் ஒன்று தெரிந்தது. எந்தப் பொருளும் அடையாளம் தெரியவில்லை. வண்ணங்களும் வடிவங்களும் மட்டுமே ஒளிர்ந்தன. அருகில் சென்று பார்த்தபோதுதான், அது தாம் வரைந்த ஓவியமே என்பதும், பக்கவாட்டில் திருப்பி வைக்கப்பட்டிருந்தது என்பதும் விளங்கின. மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது பொருள்கள் கண்ணுக்குப் புலப்பட்டன. முந்தைய நாளின் வியப்பு மீளவில்லை. பொருள்களின் உருவமே தம் ஓவியத்திற்குத் தடையாக இருக்கிறது என்று அவர் உணர்ந்தார்.

ஒரு பாடலை இரசிப்பதற்கு அது எந்தப் பொருளைக் காட்டுகிறது என்று நாம் கேட்பதில்லை. ஓவியமும் அவ்வாறே நேரடியாக மனத்தைத் தொடலாம் என்று கண்டின்ஸ்கி நம்பினார். மஞ்சள் நிறம் அவருக்கு எக்காளத்தின் ஒலியை நினைவூட்டியது. இளநீலம் புல்லாங்குழலையும் கருநீலம் செலோவையும் நினைவூட்டின. இக்கருத்துகளை விளக்கி அவர் எழுதிய நூல் 1911ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதே ஆண்டில், ஃபிரான்ஸ் மார்க் என்னும் ஓவியருடன் சேர்ந்து 'நீலக் குதிரைவீரன்' என்ற கலைக்குழுவையும் தோற்றுவித்தார்.

பன்னிரண்டு சதுரங்கள் கொண்ட ஓவியம் 1913ஆம் ஆண்டில் பிறந்தது. அது பெரிய ஓவியமன்று. ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய தாளில் தீட்டிய ஒரு பயிற்சி. ஒரு நிறத்திற்கு அருகில் மற்றொரு நிறம் வரும்போது இரண்டும் எவ்வாறு மாறித் தோன்றுகின்றன என்பதைக் கண்டறியவே அவர் அதனைச் செய்தார். நீலத்தின் நடுவே இருக்கும் சிவப்பு ஒரு விதமாகவும், மஞ்சளின் நடுவே இருக்கும் சிவப்பு வேறு விதமாகவும் தோன்றுவதை நாமும் அதில் காணலாம். வளையங்கள் கவராயத்தால் வரைந்தவை போலச் சீராக இல்லை. கையின் அசைவு அவற்றில் அப்படியே தெரிகிறது.

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ரஷ்யக் குடிமகனான அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. பல ஓவியங்களை அங்கேயே விட்டுச் சென்றார். பின்னர் அவர் மீண்டும் ஜெர்மனிக்கு வந்து, 1922ஆம் ஆண்டு முதல் பௌஹவுஸ் என்னும் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் கற்பித்தார். 1933ஆம் ஆண்டு நாஜி ஆட்சியின் நெருக்குதலால் அப்பள்ளி மூடப்பட்டது. கண்டின்ஸ்கி பிரான்சுக்குச் சென்றார். 1937ஆம் ஆண்டு நாஜிகள் ஜெர்மனிய அருங்காட்சியகங்களிலிருந்த அவருடைய ஓவியங்களைப் பறிமுதல் செய்தனர். அவற்றுள் சிலவற்றைச் சீர்கெட்ட கலை என்று இழிவுபடுத்திக் காட்சிக்கு வைத்தனர். 1944ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாரிசுக்கு அருகில் அவர் காலமானார்.

அவர் ஜெர்மனியில் விட்டுச் சென்றவை என்னவாயின? அவரிடம் பயின்றவரும் பல ஆண்டுகள் அவருடன் வாழ்ந்தவருமான காப்ரியேலே மூன்டர் என்னும் ஓவியர் அவற்றுள் பலவற்றைக் காத்து வந்தார். போர்க்காலத்தில் இருவரும் பிரிந்தனர். கண்டின்ஸ்கி வேறொருவரை மணந்தார். அந்த மனவருத்தத்திலும் மூன்டர் ஓவியங்களை அழியவிடவில்லை. நாஜி ஆட்சியின்போது, முர்னாவ் என்னும் ஊரிலிருந்த தம் வீட்டின் நிலவறையில் அவற்றை மறைத்து வைத்தார். 1957ஆம் ஆண்டு, தமது எண்பதாம் வயதில், அவற்றை மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக அளித்தார். வளையங்கள் நிறைந்த அந்தச் சிறிய தாளும் இந்த நன்கொடையின் மூலமே அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

தாளில் தீட்டிய வண்ணங்கள் வெளிச்சத்தில் எளிதில் மங்கிவிடும். அச்சுப்படிக்கும் இது பொருந்தும். ஆகவே, இதனை வீட்டில் மாட்டும்போது நேரடி வெயில் படாத சுவரில், கண் மட்டத்தில் மாட்டுவது நல்லது. பிறகு, இது என்ன படம் என்று கேட்பதற்கு முன்னர், ஒரே ஒரு சதுரத்தைச் சிறிது நேரம் உற்று நோக்குங்கள். எந்த வளையம் முன்னே வருகிறது? எது பின்னே செல்கிறது? காலையில் கண்ணைக் கவர்ந்த சதுரம்தான் இரவிலும் கவர்கிறதா? முப்பது வயதில் ஒருவர் பேராசிரியர் பதவியைத் துறந்து தேடிச் சென்றது இத்தகைய பார்வையைத்தான். அதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டியதில்லை. சற்றுப் பொறுமை இருந்தால் போதும்.