ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷம் கழித்து

இந்த மாதம் பண்டித ரமாபாய் அம்மாளுடைய ஜீவியத்தை எழுத ஏவப்பட்டேன். பேரைக் கேட்டிருப்பீங்க. விதவைகளுக்காகப் பாடுபட்டவர் என்று சரித்திரப் புத்தகத்தில் இரண்டு வரி வரும். 1989-ல் தபால் தலைகூட வெளியிட்டார்கள். ஆனால் அந்த அம்மாள் எப்படி இரட்சிக்கப்பட்டார் என்பது அந்த இரண்டு வரியில் இருக்காது. நமக்கு வேண்டியது அதுதான்.

1858 ஏப்ரல் 23-ம் தேதி கர்நாடகத்தில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்ணுக்கு அந்தப் பாஷை கூடாது என்று எல்லாரும் எதிர்த்தும் தன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் தீர்த்த யாத்திரை புறப்பட்டது. பிள்ளையைப் பிரம்புக் கூடையில் வைத்து ஒரு ஆள் தலைமேல் சுமந்து போனாராம்.

தை மாதம் வந்தால் நம்ம பழனி ரோட்டில் பார்க்கிறோம் இல்லீங்களா? காலில் கொப்புளத்தோடு, பச்சைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி பகலாக ஜனங்கள் நடந்து போகிறார்கள். அந்த வைராக்கியத்தை நான் ஒருநாளும் கேலி பண்ணினதில்லை. நாலு கிலோமீட்டர் தூரத்துச் சபைக்கு மழை தூறினாலே வராத நமக்கு அதைக் கேலி பண்ண என்ன யோக்கியதை இருக்கு? அவர்கள் சில நாள் நடக்கிறார்கள். ரமாபாயின் வீட்டார் வருஷக்கணக்காக நடந்தார்கள். ஊர் ஊராகக் கோவிலில் உட்கார்ந்து புராணம் வாசிப்பது, ஜனங்கள் கொடுக்கும் காணிக்கையில் சாப்பிடுவது, பாவம் தீரும் என்று அடுத்த தீர்த்தத்துக்குப் போவது, இதுதான் வாழ்க்கை.

பிறகு பஞ்சம் வந்தது. நம்ம பக்கத்துப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, 1876-ல் ஆரம்பித்தது, அதற்கு இரண்டு வருஷம் முந்தியே அந்தக் குடும்பம் சென்னை ராஜதானியில் பட்டினியில் விழுந்துவிட்டது. கையில் இருந்ததையெல்லாம் தானம் கொடுத்துத் தீர்த்தாச்சு. கூலி வேலைக்குப் போகவோ பிச்சை கேட்கவோ கௌரவம் விடவில்லை. காட்டுக்குள் போய் பதினொரு நாள் தண்ணீரும் இலையும் கொஞ்சம் காட்டு ஈச்சம்பழமும் தின்று கிடந்தார்கள். 1874-ல் தகப்பனார் இறந்தார். கொஞ்ச நாளில் தாயார். அடுத்த வருஷம் அக்காள். மிஞ்சியது அண்ணன் சீனிவாசனும் இவரும். இரண்டு பேரும் வடக்கே காஷ்மீர் வரைக்கும் நடந்தார்கள். நடக்க நடக்க விசுவாசம் குறைந்ததே தவிர கூடவில்லை.

1878-ல் கல்கத்தாவில் இவருடைய அறிவைப் பார்த்து பண்டிதர்கள் மலைத்துப்போய் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணனும் போய்விட்டார். அதே வருஷம் வேறு ஜாதியைச் சேர்ந்த ஒரு வங்காள வக்கீலை மணந்தார். ஒரு பெண் குழந்தை, மனோரமா. 1882 பிப்ரவரியில் கணவர் காலராவில் இறந்தார். அப்போது ரமாபாய்க்கு வயசு இருபத்துமூன்று.

அந்த வீட்டு நூலகத்தில்தான் வங்காள மொழியில் ஒரு லூக்கா சுவிசேஷம் கையில் கிடைத்தது. மறுவருஷம் படிக்க இங்கிலாந்து போனார். அங்கே கன்னியாஸ்திரீகள் லண்டனில் ஒரு விடுதி நடத்திவந்தார்கள். கெட்டுப்போன பெண்கள் என்று உலகம் தள்ளினவர்களை அன்பாக வைத்துப் பராமரிக்கிற விடுதி. ரமாபாய்க்கு ஆச்சரியம். தான் படித்த சாஸ்திரங்களில் பெண் ஜாதிக்கே மோட்சம் இல்லை என்றுதான் கண்டதாகப் பின்னாளில் தன் சாட்சியில் எழுதியிருக்கிறார். இங்கேயோ பாவியான பெண்ணுக்கே இடம் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சகோதரி யோவான் நாலாம் அதிகாரத்தை, அந்த சமாரியப் பெண்ணின் சம்பவத்தை, எடுத்து வாசித்துக் காட்டினார். 1883 செப்டம்பர் 29-ல் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

நம்மில் அநேகர் சாட்சி இங்கே முடிந்துவிடும். தண்ணீருக்குள் இறங்கினேன், ஏறினேன், ரிஜிஸ்டரில் பேர் எழுதியாச்சு, அல்லேலூயா! ஆனால் ரமாபாய் அம்மாள் மறைக்காமல் சொன்னது என்னவென்றால், தனக்குக் கிறிஸ்தவ மார்க்கம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை. எட்டு வருஷம்! அந்த எட்டு வருஷத்தில் சும்மாவும் இருக்கவில்லை. அமெரிக்கா போனார், 1887-ல் அங்கே புத்தகம் வெளியிட்டார், பணம் திரட்டினார், 1889 மார்ச் 11-ல் பம்பாயில் விதவைப் பெண்களுக்கு சாரதா சதன் என்ற பள்ளியைத் திறந்தார். இவ்வளவு ஊழியம். உள்ளே சமாதானம் இல்லை. பாவம் என்கிற பாரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. சபைப் பிரிவுகளின் தர்க்கம் வேறு அவரைக் குழப்பியது.

1891-ல் ஹாஸ்லம் என்ற இங்கிலாந்து போதகர் தன் மனந்திரும்புதலைப் பற்றி எழுதிய புத்தகத்தை வாசித்தார். அந்த ஹாஸ்லம் கதை வேடிக்கையானது. பல வருஷம் குருவானவராக இருந்தவர், 1851-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணும்போதே தன் பிரசங்கத்தாலேயே தொடப்பட்டார். ஐயர் இரட்சிக்கப்பட்டுவிட்டார் என்று சபையிலிருந்து ஒருவர் எழுந்து சத்தம் போட்டாராம். குருவானவருக்கே மறுபிறப்பு வேணுமா! ரமாபாய்க்கு இது குத்தியது. மனசால் ஒப்புக்கொண்ட உபதேசம் வேறு, மறுபடியும் பிறப்பது வேறு என்று கண்டார். சாஸ்திரம் படித்த பண்டிதையாக அல்ல, எதையும் கொண்டுவராத பாவியாக வந்தார். மார்க்கத்தில் வராத சந்தோஷம் அன்றைக்கு வந்தது.

அந்த சந்தோஷத்துக்கு விலையும் இருந்தது. தான் ஜெபிப்பதை மறைக்காததால் 1893-ல் பெற்றோர்கள் அநேக பெண்களைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கதவைச் சாத்தி ஜெபிக்கப் போகவில்லை. 1896 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய் நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். பட்டினி அவருக்குத் தெரியும் அல்லவா? பூனாவுக்குப் பக்கத்தில் கேட்கானில் முக்தி இல்லம் உண்டானது. முக்தி என்றால் விடுதலை, இரட்சிப்பு.

1905 ஜனவரியில் எழுப்புதலுக்காக ஜெபிக்கச் சிலரைக் கூப்பிட்டார். எழுபது பேர் வந்தார்கள். ஜூனில் ஐந்நூற்றைம்பது பேர் தினம் இரண்டு வேளை கூடினார்கள். 29-ம் தேதி விடியுமுன் ஒரு பெண்மேல் ஆவியானவர் இறங்க, அக்கினியைக் கண்ட இன்னொரு பிள்ளை வாளியில் தண்ணீர் எடுக்க ஓடினது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் ரமாபாய் யோவான் எட்டாம் அதிகாரத்தை விளக்கும்போது எல்லாரும் உரத்த சத்தமாய் ஜெபிக்க, அவர் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. பிள்ளைகள் திருடினதை, பொய் சொன்னதை அழுது அறிக்கையிட்டார்கள். அழுதவர்களே பிறகு பாடி மகிழ்ந்தார்கள். கவனியுங்கள், இது அமெரிக்காவில் அசுசா தெருக் கூட்டங்களுக்கு முந்தின வருஷம்.

கடைசிக் காலத்தில் எபிரெயுவிலும் கிரேக்கிலுமிருந்து வேதத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். படிக்காத பெண்ணுக்கும் புரியவேண்டும் என்பதே நோக்கம். முக்தியின் பெண்களே அச்சுக் கோத்தார்கள். 1921 ஜூலையில் மகள் மனோரமா கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். தாயார் வேலையை விடவில்லை. 1922 ஏப்ரல் 5-ல் அவரும் போனார். அந்த வேதாகமம் 1924-ல் வெளிவந்தது.