கப்பற்கணக்கில் கொடுமை கண்டவர்

பகவன் புத்தர் இல்லறத்தாருக்கு விலக்கிய வாணிகங்கள் ஐந்து. ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு என்பன அவை. இவற்றுள் ஆயுத வாணிகம் ஒரு நாட்டு மக்களையே அடிமைகளாக்கிய வரலாற்றையும், அதற்குத் துணைபோன கப்பல்களின் கணக்கை எழுதிவந்த எழுத்தர் ஒருவர் வாளாவிராது எழுந்து நின்றதையும் நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் பெயர் எட்மண்ட் டீன் மோரல். அவர் பௌத்தர் அல்லர். ஆயினும் நல்வாழ்க்கை என்னும் மார்க்க அங்கத்தின் பொருளை அவருடைய வாழ்க்கை நமக்கு விளக்குகின்றது. அவர் வழுவிய இடமும் நமக்குப் பாடமாகின்றது.

மோரல் 1873-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஆங்கிலப் பெண்மணி. நான்கு வயதிலேயே தந்தையை இழந்த சிறுவரைத் தாயார் இங்கிலாந்தில் கல்வி கற்பித்து வளர்த்தார். 1891-இல் லிவர்ப்பூல் நகரத்து எல்டர் டெம்ஸ்டர் கப்பற் கம்பெனியில் அவர் எழுத்தராக அமர்ந்தார். மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் விட்ட கம்பெனி அது. ஆங்கிலமும் பிரெஞ்சும் நன்கறிந்தவராதலின், காங்கோ நாட்டுப் போக்குவரத்துக் கணக்குகள் அவர் பொறுப்பில் வந்தன.

அக்காலத்துக் காங்கோவின் நிலையை இங்குக் கூறுதல் வேண்டும். 1885-இல் ஐரோப்பிய அரசுகளின் ஒப்புதலோடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபால்டு அப்பெருநாட்டைத் தம் சொந்த உடைமையாக்கிக் கொண்டார். அடிமை வாணிகத்தை ஒழிப்பதும் நாகரிகத்தைப் பரப்புவதுமே தம் நோக்கம் என உலகுக்கு அறிவித்தார். ஒருமுறையேனும் அந்நாட்டு மண்ணை அவர் மிதித்ததில்லை. காற்றடைத்த சக்கரங்கள் பெருகிய அந்நாளில் ரப்பருக்கு விலை ஏறியது. காங்கோக் காடுகளிலோ ரப்பர்க்கொடிகள் மண்டிக் கிடந்தன. ஊருக்கு இவ்வளவு ரப்பர் என்று அளவு விதிக்கப்பட்டது. ஆடவரைக் காட்டுக்குத் துரத்துவதற்காக அவர்தம் மனைவியரும் மக்களும் பிணையாகச் சிறை வைக்கப்பட்டனர். அளவு குறைந்த ஊர்களின்மேல் படை ஏவப்பட்டது. செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்டும் கொடிய வழக்கமும் அப்படையினரிடையே பரவியது. முறையான மக்கட்கணக்கு அந்நாளில் இல்லாமையால் மாண்டோர் தொகையை அறிஞர்கள் வெவ்வேறாக மதிப்பிடுவர். பல இலட்சம் உயிர்கள் அழிந்தன என்பதில் ஐயமில்லை.

இவையனைத்தும் நெடுந்தொலைவில் காடுகளுக்குள் நிகழ்ந்தவை. அலுவலின் பொருட்டு ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அடிக்கடி சென்றுவந்த மோரல் இவற்றில் ஒன்றையும் கண்ணால் கண்டவர் அல்லர். அவர் கண்டது ஏற்றுமதி இறக்குமதிப் பட்டியல்களையே. காங்கோவிலிருந்து வந்த கப்பல்கள் ரப்பரையும் யானைத்தந்தத்தையும் மலைமலையாக இறக்கின. திரும்பிச் சென்ற கப்பல்களிலோ பெரும்பாலும் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் படையினருமே ஏறினர். கொடுத்துப் பெறுவதன்றோ வாணிகம்? இவ்வளவு பொருளைத் தரும் மக்களுக்கு ஈடாகச் செல்வது யாது என அவர் ஆராய்ந்தார். ஏதும் இல்லை என்பது புலனாயிற்று. கூலியின்றி இத்துணைப் பொருள் குவியுமாயின் அது கட்டாய உழைப்பினால்தான் குவிதல் கூடும். அக்கட்டாயத்தின் கருவியே அத்தோட்டாக்கள் என்று அவர் உய்த்துணர்ந்தார். அதே பட்டியல்களைப் பார்த்தவர் பலர் இருந்தனர். உள்ளதை உள்ளவாறு நோக்கியவர் அவரே. நற்காட்சி என்று நாம் கூறுவது இதனையன்றோ!

தாம் கண்டதைக் கம்பெனித் தலைவரிடம் அவர் எடுத்துரைத்தார். பயன் விளையவில்லை. அயல்நாட்டில் உயர்ந்த பதவியும், வாய் மூடியிருப்பதற்குக் கூடுதல் வருவாயும் அவருக்குக் காட்டப்பட்டன. மனைவியும் குழந்தைகளும் உடைய அவருக்கு அச்சம்பளத்தையன்றி வேறு செல்வம் இல்லை. இருந்தும் 1901-இல், தமது இருபத்தெட்டாம் வயதில், அவர் வேலையைத் துறந்தார்.

அதன்பின் அவருக்கு எழுதுகோலே ஆயுதமாயிற்று. 1903-இல் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். காங்கோவில் வாழ்ந்த பாதிரிமார் எழுதிய கடிதங்களைத் திரட்டி, இடமும் நாளும் குறித்து வெளியிட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் காங்கோ மக்களின் துயரைக் குறித்துத் தீர்மானம் இயற்றியது. அதன் பயனாகப் பிரிட்டிஷ் கான்சல் ரோஜர் கேஸ்மென்ட் காங்கோவின் உட்பகுதிக்குச் சென்று விசாரித்தார். அவரது அறிக்கை 1904 பிப்ரவரியில் வெளிவந்தது. அடுத்த மாதமே இருவரும் நண்பர்களோடு கூடிக் காங்கோச் சீர்திருத்தச் சங்கத்தை லிவர்ப்பூலில் நிறுவினர். கேஸ்மென்ட் தம் சிறு வருவாயிலிருந்து 100 பவுன் முதற்கொடையாக அளித்தார்.

சங்கம் நடந்த வழியை நாம் கூர்ந்து நோக்குதல் நலம். ஊர்தோறும் கூட்டங்கள் கூடின. தீர்மானங்கள் நிறைவேறி அரசாங்கத்துக்குச் சென்றன. ஆலிஸ் ஹாரிஸ் என்னும் பாதிரிப் பெண்மணி காங்கோவில் எடுத்த புகைப்படங்கள் மாய விளக்கின் வழியே திரையில் காட்டப்பட்டன. கொல்லப்பட்ட தன் சிறுமகளின் கையையும் காலையும் முன்வைத்து நோக்கியிருக்கும் தந்தை ஒருவரின் படத்தைக் கண்டோர் நெஞ்சம் கலங்கினர். மார்க் ட்வெய்ன், கானன் டாயில் முதலிய எழுத்தாளர்களும் இப்பணியில் துணை நின்றனர். மன்னர் தாமே அமர்த்திய விசாரணைக் குழுவும் 1905-இல் கொடுமைகள் உண்மையே என்று கூறவேண்டியதாயிற்று.

இறுதியில் 1908 நவம்பரில் காங்கோ மன்னரின் கையைவிட்டுப் பெல்ஜிய அரசின் ஆட்சிக்கு மாறியது. அதற்கு முன்னரே மன்னர் தம் காங்கோ ஆவணங்களை நாட்கணக்கில் தீயிலிட்டு அழிக்கச் செய்தார். அன்றியும், அவர் காங்கோவுக்குச் செய்த தியாகத்துக்கு நன்றியாக என்று 5 கோடி பிராங்கு வழங்க ஏற்பாடாயிற்று. காங்கோ மக்களுக்கு விடுதலை கிட்டவில்லை. அது 1960-இல்தான் வந்தது. ஆயினும் கொடுமைகள் தணிந்தன. சீர்திருத்தம் உறுதிப்படும் வரை ஓயாத மோரல் 1913-இல் சங்கத்தைக் கலைத்தார்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. மக்களறியாமல் அரசுகள் செய்துகொள்ளும் மறைமுக உடன்படிக்கைகளே போருக்கு வித்து என அவர் எழுதினார். முன்பு போற்றியவர்களே அவரைத் தூற்றினர். நம் நாட்டவர் நன்கறிந்த ரோமேன் ரோலந்துக்குச் சுவிட்சர்லாந்துக்குத் தம் வெளியீடுகளை அனுப்ப முயன்றதற்காக 1917-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அச்சிறை அவர் உடல்நலத்தைக் குலைத்தது. 1922-இல் டண்டீ தொகுதியில் வின்ஸ்டன் சர்ச்சில் தோற்க, மோரல் தொழிற்கட்சியின் சார்பில் பாராளுமன்றம் புகுந்தார். 1924 நவம்பர் 12-ஆம் நாள், 51-ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வளவோடு நிறுத்தினால் நாம் வாய்மை வழுவியவராவோம். 1920-இல், ஜெர்மனியின் ரைன் பகுதியில் பிரான்சு நிறுத்திய ஆப்பிரிக்கப் படையினரைக் குறித்து மோரல் எழுதிய எழுத்துக்கள் அவருடைய புகழுக்கு நீங்காத மாசு. அவ்வீரர் இயல்பிலேயே இழிந்த காமம் உடையோர் என்னும் பொருள்பட அவர் எழுதினார். அக்குற்றச்சாட்டுகள் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டவை. ஜமைக்கா நாட்டுக் கவிஞர் கிளாட் மெக்கே அவ்வாண்டிலேயே அவற்றை மறுத்தெழுதினார். யார் கைகள் வெட்டப்படக் கண்டு மோரல் துடித்தாரோ, அவர்தம் இனத்தவரையே பிறப்பைச் சுட்டிப் பழித்தார்.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? துன்புறுவோர்பால் இரக்கம் கொள்ளுதல் வேறு. அவர்களைத் தமக்கு நிகராகக் கருதுதல் வேறு. முன்னது மோரலிடம் நிரம்ப இருந்தது, பின்னது குறைந்திருந்தது. பிறப்பினால் ஒருவரும் இழிந்தவர் ஆகார் என்னும் பகவன் நெறியின் அருமை இங்கே விளங்கும். சமநோக்கு இல்லாத கருணை, காலம் மாறும்போது தானும் மாறிவிடும்.

தொலைவிலுள்ள மக்களின் துயருக்கு நாம் என்ன செய்யக்கூடும் என்று அயர்வோர் மோரலின் முற்பகுதி வாழ்வை எண்ணுக. தம் கைக்கெட்டிய கணக்கேட்டிலிருந்தே அவர் தொடங்கினார். நம் பிழைப்பு எவருடைய துன்பத்தோடு பிணைந்துள்ளது என்று வினவும் கடமை நமக்கும் உண்டு. அவருடைய பிற்பகுதி வாழ்வைக் கண்டு நாம் நம் உள்ளத்தையும் ஆராய்வோமாக.