கூரத்தாழ்வானின் இல்லறம்

காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள கூரம் என்னும் கிராமத்தில், ஸௌம்ய வருஷம் (கி.பி. 1010) தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் கூரத்தாழ்வான் திருவவதாரம் செய்தருளினார் என்பது குருபரம்பரை வழக்கு. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்தபோது உடனிருந்து கைங்கர்யம் செய்த இம்மஹான் ஸந்நியாஸி அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த க்ருஹஸ்தர். அவருடைய பக்தி விளைந்த நிலம் அவருடைய இல்லமே.

தமது பெருஞ்செல்வம் அனைத்தையும் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் அவர் திருவரங்கத்திற்குப் புறப்பட்டார். காட்டு வழியில், இரவில், அம்மையாருக்கு அச்சம் உண்டாயிற்று. மடியில் ஏதேனும் உள்ளதோ என்று ஆழ்வான் வினவினார். கணவர் அமுது செய்வதற்காகப் பொன்வட்டில் ஒன்றை எடுத்து வந்திருப்பதாக அம்மையார் விண்ணப்பித்தார். ஆழ்வான் அதை வாங்கி எறிந்துவிட்டு, இனி அஞ்ச வேண்டுவதில்லை என்று தேற்றி அழைத்துச் சென்றார்.

திருவரங்கத்தில் உஞ்சவ்ருத்தியால் ஜீவனம் நடந்தது. ஒருநாள் மழை ஓயாமல் பெய்ததால் வெளியே செல்ல இயலவில்லை, இருவரும் பட்டினி. இரவில் பெரிய பெருமாள் அரவணை அமுது செய்யும் வாத்யகோஷம் கேட்டது. அடியவர் பசித்திருக்கப் பெருமாள் அமுது செய்வதோ என்று அம்மையாரின் உள்ளம் நைந்தது. அந்த நினைவையே விண்ணப்பமாகக் கொண்டு அரங்கன் நியமிக்க, ப்ரஸாதம் மேளதாளங்களுடன் வாசலுக்கு வந்தது. ஆழ்வான் திகைத்து, தேவிகளின் நினைவை அறிந்து, பெருமாளைச் சிரமப்படுத்தலாகாது என்று வருந்தினார். ஆயினும் ப்ரஸாதத்தை மறுக்கலாகாது என்று இரண்டு திரளைகளை ஏற்று, தேவிகளுக்கும் அளித்தார். அந்தப் ப்ரஸாதத்தின் மஹிமையால் பிறந்தவர்களே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் என்பது ஐதிஹ்யம். ஆளவந்தாருடைய மனோரதம் நிறைவேறும்படி இத்திருநாமங்களைச் சாற்றியவர் எம்பெருமானாரே.

பின்னர், சோழனுடைய சபைக்கு எம்பெருமானாருக்குப் பதிலாகச் சென்ற ஆழ்வான், தம் இரு கண்களையும் இழந்தார். சிலகாலம் குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலையில் தங்கி, அழகர் விஷயமாக ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளினார். எம்பெருமானார் மேல்கோட்டையிலிருந்து திரும்பிய பின், காஞ்சி வரதனைத் துதித்துக் கண்களைப் பெறுமாறு ஆழ்வானை நியமித்தார். ஆழ்வானோ, தம் துயரத்திற்குக் காரணமான நாலூரானும் தமக்குக் கிடைக்கும் நற்கதியைப் பெற வேண்டும் என்றே ப்ரார்த்தித்தார்.

அன்று மழையிரவில் அம்மையாரின் உள்ளம் நைந்தது தம் பசிக்காக அன்று; கணவரின் பசிக்காக. காஞ்சியில் ஆழ்வான் கேட்டதும் தமக்காக அன்று, தீங்கிழைத்தவனுக்காக. மனைவியின் பசியையும் மக்களின் வளர்ச்சியையும் சுமந்த அந்த இல்லத்தில் பழகிய அன்பே பகைவனளவும் பெருகியது என்று கொள்ளத் தட்டில்லை.

உத்ஸவம் ஸேவித்து இல்லம் திரும்பும் அடியார்கள், அடுப்படியிலும் குழந்தையின் தொட்டிலருகிலும் அதே எம்பெருமான் காத்திருக்கிறான் என்பதை மறவாதிருப்பார்களாக.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.